ஒட்டும் இடத்தைப் பாருங்கள்

வீட்டுத் தரையில் பதித்த ஓடு திடீரென்று 'டப்' என்ற சத்தத்தோடு எழும்பி நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் மழைக் குளிர் நீடித்த நாட்களில் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இப்படி நடந்தது. எழும்பிய ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், பல நேரம் ஓடு முழுதாக இருக்கும். கீழே உள்ள சிமெண்டும் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருந்த பிடிப்பு மட்டும் போயிருக்கும்.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது தரை ஓட்டின் கதை அல்ல. இதே சிக்கல், தலைமுடியைவிடச் சிறிய அளவில், கைக்கு அடக்கமான ஓர் உலோகத் துண்டுக்குள் பல்லாயிரம் கோடி இடங்களில் ஒரே நேரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை என்னவென்று தெரியும். உடைந்ததையும் உடையப் போவதையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கூட வேலை. அங்கே வந்த ஒரு பிரேக் டிஸ்க்கைப் பற்றியும் இன்று சொல்லப் போகிறேன்.

ஏன் கலக்கிறார்கள்?

அலுமினியம் எடை குறைந்தது. அதே அளவு இரும்போடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் அதன் விறைப்பும் எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். உரசினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். மறுபக்கம் செராமிக் வகைப் பொருட்கள் மிகவும் கடினமானவை, எளிதில் தேயாதவை. கீழே விழுந்தால் மட்டும் பீங்கான் கோப்பை மாதிரி நொறுங்கும்.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் அலுமினியக் கூட்டுப்பொருள். இதில் அதிகம் கலக்கப்படுவது சிலிக்கன் கார்பைடு தூள். கார் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளைப் பார்த்திருப்பீர்களே, அதில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துகள் அதுதான். அலுமினியத்தில் கொள்ளளவில் 20 விழுக்காடு இதைக் கலந்தால் எடை பெரிதாகக் கூடுவதில்லை. விறைப்போ ஏறக்குறைய 40 விழுக்காடு கூடிவிடுகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் சுமை முதலில் விழுவது மென்மையான அலுமினியத்தின் மேல். அலுமினியம் அந்தச் சுமையைத் துகளிடம் கைமாற்ற வேண்டும். கைமாறும் இடம் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பு. இதை இடைமுகம் என்கிறோம். அங்கே பிடிப்பு இல்லையென்றால் துகள் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் துகள் இருப்பதும் ஓட்டை இருப்பதும் ஒன்றுதான்.

இந்த இடைமுகம் எவ்வளவு பெரியது? ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் பால் பெட்டி அளவுக்கு ஒரு கட்டி. அதில் ஐந்தில் ஒரு பங்கு துகள். ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் துகள்களின் மேற்பரப்பையும் கூட்டினால் 120 சதுர மீட்டர் வருகிறது. அதாவது ஏறத்தாழ 1,300 சதுர அடி. நம்மில் பலர் குடியிருக்கும் வீட்டின் பரப்பைவிடப் பெரிது. ஒரு வீட்டுத் தரை முழுவதும் ஓடு பதித்தது போல் ஒரு பால் பெட்டிக்குள் ஒட்டு வேலை நடக்கிறது.

தாமரை இலைத் தண்ணீர்

முதல் தடை, அலுமினியமும் செராமிக்கும் ஒன்றையொன்று விரும்பாததுதான். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு தூளைக் கொட்டினால் அது உள்ளே போகாது. தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் விலகி நிற்கும். உருகிய உலோகம் துகளின் மேல் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டுகொள்ளும். போதாக்குறைக்கு, காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் படிந்துவிடுகிறது. துகளுக்கும் உலோகத்துக்கும் இடையே அதுவும் ஒரு திரை.

இதைத் தாண்டப் பாடுபட்டவர்களில் நாம் அறிய வேண்டிய ஒருவர் பிரதீப் ரோஹத்கி. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் படித்தவர். 1960களின் நடுவில் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, அலுமினியத்தோடு ஒட்ட மறுத்த கிராஃபைட் துகளுக்கு நிக்கல் பூச்சுப் பூசி, ஆர்கான் வாயுவின் உதவியோடு உருகிய அலுமினியத்துக்குள் செலுத்தும் வழியை உருவாக்கியவர்களில் ஒருவர். உலோகத்துக்கு உலோகம் உறவு. நிக்கல் சட்டை போட்டுக்கொண்டதும் கிராஃபைட் உள்ளே போய்விட்டது. பின்னர் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் திருவனந்தபுரம் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். அதிக விலை பிடிக்கும் பூச்சு இல்லாமல், உலோகத்தைச் சுழல விட்டுத் துகளைக் கலக்கும் முறையை வளர்த்ததில் இந்திய ஆய்வுக்கூடங்களுக்கு நல்ல பங்கு உண்டு.

அந்த முறையை நம் சமையலறைப் பாஷையில் சொல்லிவிடலாம். உப்புமா கிண்டத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ரவையை முதலில் வறுக்க வேண்டும். பிறகு ஒரு கையால் கிளறிக்கொண்டே இன்னொரு கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். வார்ப்புப் பட்டறையிலும் தூளை முதலில் வறுக்கிறார்கள். ஈரம் போக வேண்டும். உருகிய உலோகத்தைச் சுழற்றி, நடுவில் உருவாகும் சுழிக்குள் தூளை மெல்லத் தூவுகிறார்கள். சுற்று வேகம் குறைந்தால் கட்டி தட்டும். கூடினால் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும். கூடவே கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தால் உலோகம் துகளின் மேல் பரவுவது எளிதாகிறது.

அளவுக்கு மிஞ்சினால்

சரி, ஒட்ட வைத்தாகிவிட்டது. இனிமேல்தான் இரண்டாவது சிக்கல். ஒட்டவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த அதே அலுமினியம், சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் துகளையே தின்ன ஆரம்பிக்கும். சிலிக்கன் கார்பைடில் உள்ள கார்பனைப் பறித்துக்கொண்டு அலுமினியம் கார்பைடு என்ற புதுப் பொருளாக மாறும். சிலிக்கன் தனியே கழன்று உலோகத்தில் கரையும்.

கொஞ்சம் வினை நடந்தால் நல்லதுதான், பிடிப்பு கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். அலுமினியம் கார்பைடு எளிதில் நொறுங்கும். அதைவிட மோசமான குணம் ஒன்று உண்டு. தண்ணீர் பட்டால் அது கரைந்து அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறி, மீத்தேன் வாயுவை வெளியிடும். காற்றில் உள்ள ஈரமே அதற்குப் போதும். வறண்ட ஊரில் பல காலம் தாக்குப்பிடிக்கக்கூடிய ஒரு பாகம், நம் ஊர் ஈரத்திலும் மழையிலும் உள்ளிருந்தே அரித்துப் போகலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இருபத்து நான்கு டிஸ்க்குகள்

கிள்ளான் பக்கம் சிறிய வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் எங்கள் கூடத்துக்கு வந்தார். பாலிடெக்னிக்கில் படித்தவர், முப்பது வயதைத் தாண்டியிருக்கும். மோட்டார் சைக்கிள் பந்தயக் குழு ஒன்றுக்காக இருபத்து நான்கு பிரேக் டிஸ்க்குகளை இந்தக் கூட்டுப்பொருளில் வார்த்திருந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய உலை அது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மாதிரித் துண்டுகளை இழுவிசைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

எண்கள் நன்றாகவே வந்தன. அவர் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருந்தன. ஆனால் பிரேக் என்றதால் உடைந்த முகத்தையும் பார்த்துவிடலாம் என்று நுண்ணோக்கியில் வைத்தேன்.

உடைந்த முகம் நிறையப் பேசும். பிடிப்பு இல்லாத பொருளில் துகள்கள் முழுசு முழுசாகக் கழன்று வந்திருக்கும். பல் விழுந்த ஈறு போலக் குழிகள் தெரியும். பிடிப்பு நன்றாக இருந்தால் துகளே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி இந்தப் பக்கமும் மறு பாதி அந்தப் பக்கமும் இருக்கும். அவருடைய துண்டில் துகள்கள் கழன்று வரவில்லை. ஆனால் பல துகள்களின் ஓரம் கடித்துத் தின்றது போல் இருந்தது.

இன்னொரு துண்டை மெருகேற்றிப் பார்த்தேன். இந்த வேலையில் தண்ணீர் கூடாது, ஆல்கஹாலில்தான் தேய்க்க வேண்டும். தண்ணீரில் தேய்த்தால் அலுமினியம் கார்பைடு கரைந்து தடயமே அழிந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகளைச் சுற்றி ஊசி ஊசியாகப் படிகங்கள் தெரிந்தன. இன்னொரு துண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். சில நாட்களில் அதன் பளபளப்பான முகம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்துவிட்டது.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எடுத்திருந்தது 6061 என்ற அலுமினியக் கலவை. சந்தையில் எளிதாகக் கிடைப்பது, நல்ல கலவைதான். ஆனால் அதில் சிலிக்கன் ஒரு விழுக்காடுகூட இல்லை. வார்க்கும் அன்று கிளறும் மோட்டார் நின்றுபோக, அதைச் சரிசெய்யும்வரை துகளும் உலோகமும் உலையில் கொதித்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

"அண்ணே, இழுவை ரிசல்ட் பாஸ்தானே? அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன்," என்றார்.

"போடலாம் தம்பி. மழையில ஒருத்தன் இதை நம்பி பிரேக் பிடிப்பான். அவன்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டி என்ன சொல்றது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாத்தையும் உருக்கிட்டு மறுபடி ஊத்தினா தேறுமா?" என்று கேட்டார். தேறாது. உருக்கினால் துகளும் உலோகமும் சூட்டில் இருக்கும் நேரம் இன்னும் கூடும், வினையும் கூடும். இழுவிசை எண்களை வந்தபடியே அறிக்கையில் எழுதினேன். அதற்குக் கீழே இடைமுகத்தில் கண்டதையும், ஈரம் படும் இடத்தில் இந்த வார்ப்பைப் பயன்படுத்தக்கூடாது என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டேன். இருபத்து நான்கு டிஸ்க்குகளும் பழைய உலோகக் கணக்கில் போயின. அந்த நகை எப்போது மீண்டது என்று நான் கேட்கவில்லை.

மருந்து என்ன?

இதற்கு மருந்து இருக்கிறது. முதலாவது, சிலிக்கன் அதிகமுள்ள கலவையை எடுப்பது. வினை நடக்கும்போது துகளிலிருந்து சிலிக்கன் கழன்று உலோகத்துக்குள் வர வேண்டும் என்று பார்த்தோம். உலோகத்தில் ஏற்கெனவே சிலிக்கன் நிறைய இருந்தால்? காலை நேரத்து எல்.ஆர்.டி. ரயில் மாதிரிதான். உள்ளே நிற்க இடமில்லாவிட்டால் நடைமேடையில் இருப்பவர் ஏற முடியாது. உலையின் வெப்பத்தைப் பொறுத்து 8 முதல் 10 விழுக்காடு அளவுக்குச் சிலிக்கன் இருந்தால் வினை அடங்கிவிடுகிறது. இந்தத் தொழிலில் பெயர் பெற்ற ஏ359 கலவையில் 9 விழுக்காடு சிலிக்கன் இருப்பது சும்மா அல்ல.

இரண்டாவது, தூளை ஆயிரம் டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வறுப்பது. ஈரம் போவதோடு, துகளின் மேல் சிலிக்கா என்ற மெல்லிய தோல் உருவாகிறது. அது அலுமினியம் நேராகக் கார்பைடைத் தொடாமல் தடுக்கும். கலவையில் மக்னீசியம் இருந்தால் அந்தத் தோலோடு வினைபுரிந்து ஸ்பினல் என்ற படிகமாக மாறும். நகை வியாபாரிகளுக்கு இந்தப் பெயர் தெரியும். மாணிக்கம் என்று நெடுங்காலம் மயங்கி வாங்கப்பட்ட சிவப்புக் கல் இந்த ஸ்பினல் குடும்பம்தான். இங்கே அது நிறமில்லாத நுண்ணிய படிகமாக இருந்து இரு பக்கத்தையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது மருந்துக்குக் காசு தேவையில்லை. வெப்பத்தையும் நேரத்தையும் கட்டுப்படுத்துவது. தூவி, கலந்து, தாமதிக்காமல் ஊற்றிவிட வேண்டும்.

தம்பி விட்டுவிடவில்லை. சில மாதங்கள் கழித்து வேறு கலவையில், வறுத்த தூளோடு, மாற்று மோட்டாரைப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டு, முதலில் ஒரே ஒரு டிஸ்க்கை வார்த்து எடுத்து வந்தார். துகள்களின் ஓரம் சுத்தமாக இருந்தது. தண்ணீரில் போட்டு வைத்த துண்டும் பளபளப்பு மாறாமல் இருந்தது. அந்த அறிக்கையில் எழுதக் குறை எதுவும் இல்லை.

ஒட்டிய பின்னும் இழுபறி

நல்ல இடைமுகத்திலும் ஓர் இழுபறி எப்போதும் இருக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். சிலிக்கன் கார்பைடு விரிவது 4 பங்குதான். ஒரு மீட்டர் நீளக் கம்பிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். 500 டிகிரி குளிர்ந்தால் அலுமினியம் பதினொன்றரை மில்லிமீட்டர் சுருங்கும், துகள் 2 மில்லிமீட்டர்தான் சுருங்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்று மற்றொன்றை இழுக்கும். அந்த இழுப்பில் துகளைச் சுற்றியுள்ள அலுமினியத்தின் அணு வரிசைகளில் ஏராளமான பிசகுகள் விழுகின்றன. வியப்பு என்னவென்றால், அந்தப் பிசகுகளே அலுமினியத்தைக் கூடுதல் உறுதியாக்குகின்றன. பிடிப்பு பலவீனமாக இருந்தால் மட்டும் அதே இழுப்பு விரிசலாகிவிடும்.

இந்த விரிவு வேறுபாட்டையே லாபமாக்கிக்கொண்ட துறை மின்னணுவியல். கூலிமிலும் பினாங்கிலும் செமிகண்டக்டர் ஆலைகளில் வேலை செய்யும் வாசகர்களில் சிலர் இதை நேரிலேயே பார்த்திருக்கலாம். துகளின் பங்கை 60 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோனால் பொருளின் விரிவு 8 பங்கு அளவுக்கு இறங்குகிறது. செம்பு 17 பங்கு விரியும். மின்சார ரயில்களிலும் மின்கார்களிலும் பெரிய மின்னோட்டத்தைக் கையாளும் சில்லுகள் சூடாகி ஆறிச் சூடாகி ஆறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு அடியில் செம்புத் தட்டு இருந்தால் இடையிலுள்ள பற்றாசு நாளடைவில் விரிசல் விடலாம். கூட்டுப்பொருள் தட்டு சில்லோடும் அதன் செராமிக் பலகையோடும் ஏறக்குறைய ஒத்துப்போய் விரிவதால் நீண்ட காலம் உழைக்கிறது.

வானத்திலும் இதைப் பார்க்கலாம். எஃப்-16 போர் விமானத்தின் வயிற்றுப் பக்கத் துடுப்புகளில் பழைய அலுமினியத் தகட்டுக்குப் பதிலாக 17.5 விழுக்காடு சிலிக்கன் கார்பைடு கலந்த கூட்டுப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாலையில் 1996இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் கார், பிரேக் டிஸ்க்கையே இந்தப் பொருளில் வைத்திருந்தது. சில ஆண்டுகளில் வார்ப்பிரும்புக்கே திரும்பிவிட்டார்கள்.

அப்படியானால் நம் வீட்டுக் காரில் ஏன் இல்லை? இந்தத் துகள் கடைசல் இயந்திரத்தின் சாதாரண வெட்டுமுனையைத் தின்றுவிடும். வைர முனை வேண்டும், செலவு அதிகம். இன்னொன்று, அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே தளரத் தொடங்கும். வார்ப்பிரும்பு ஆயிரம் டிகிரியைத் தாண்டித்தான் உருகும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கும் கனமான காருக்கு வார்ப்பிரும்பே பொருத்தம்.

இணையக் கடைகளில் 'செராமிக் கலந்த அலுமினியம்' என்ற விளம்பரத்தோடு மோட்டார் சைக்கிள் பாகங்கள் மலிவாக விற்கப்படுகின்றன. பிள்ளைகள் கேட்டால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்: எந்தக் கலவை, எங்கே சோதித்தார்கள்? பதில் இல்லையென்றால் பிரேக் விஷயத்தில் மலிவு பார்க்க வேண்டாம்.

பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. இழுவிசை எண் ஒரு நாளின் பதில். அந்தப் பாகம் மழையிலும் சூட்டிலும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அறிக்கையின் கீழே உங்கள் கையெழுத்து விழும் நாள் வரும்போது, இரண்டு பொருட்கள் சேரும் இடத்தை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

அடுத்த வாரம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் ஏன் இறுகிப் போகிறது என்று பார்ப்போம்.